வீடு கட்டுமுன் கணக்குப் போடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு காரியங்களையும் அவர்கள் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது நியாயமே. இரண்டிலும் போட்ட கணக்கு ஒன்றாகவும் ஆகிற செலவு வேறொன்றாகவும் இருக்கும். இரண்டுக்கும் யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். பணம் கொடுக்கும் வேளையில் மட்டும் நாம் தனியாக நிற்போம். ஆனால் கல்யாணச் செலவு எவ்வளவு மிஞ்சினாலும், சில நாளில் பந்தலைப் பிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். பாதியில் நின்ற வீட்டை அப்படிப் பிரித்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் எந்த நகரத்தின் எல்லைப்புறத்துக்கு வேண்டுமானாலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். புதிதாக எழும்பிய தெருக்களில் பூசாத சுவரும், கதவில்லாத வாசக்காலும், துருவேறிய கம்பிகளுமாக நிற்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். அதன் சொந்தக்காரர் வேறொரு தெருவில் வாடகைக்குக் குடியிருப்பார். வாடகையும் கொடுத்துக்கொண்டு, கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டு, வீட்டுப் பெண்களின் நகையையும் அடகு வைத்திருப்பார். அவர் சோம்பேறியல்ல, ஊதாரியுமல்ல. கூரை வரையில் கணக்குப் போட்டார். கூரைக்குப் பிறகு என்ன என்று போடவில்லை. அவ்வளவுதான்.

சொந்த வீடு வேண்டுமென்ற ஆசை உள்ள குடும்பஸ்தர்களுக்கு, அந்தக் கூரைக்கு மேற்பட்ட கணக்கையும் சேர்த்துப் போட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடன் வந்த கதை

கடன் வாங்கி வீடு கட்டுவது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1775-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரிலே, ஒரு சத்திரத்தில் கூடிய சிலர் இதற்கு ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். ஒவ்வொருவரும் மாதா மாதம் பணம் போட வேண்டும். சேர்ந்த பணத்தில் ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டிக்கொள்ள வேண்டும். கடைசி அங்கத்தினருக்கும் வீடு கிடைத்தவுடன் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும். நம் ஊர்ச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நம் பெண்மணிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால், கலையாமல் நிரந்தரமாக நடக்கும் சங்கங்களும் தோன்றின.

அந்த முறை கடல் கடந்து சென்னைக்கு வந்து 'நிதி' என்று பெயர் பெற்றது. 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் ஹிந்து பெர்மனெண்ட் பண்டு இவ்வகையைச் சேர்ந்தது. 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாயிற்று. பிறகு கூட்டுறவு முறையில் அடையாற்றில் காந்தி நகர் எழுந்தது. 1961-ல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்துக்கான சட்டம் வந்தது. 1970-ல் ஹட்கோவும், 1977-ல் தனியார் துறையில் எச்.டி.எப்.ஸி.யும், 1988-ல் தேசிய வீட்டு வசதி பாங்கியும் ஏற்பட்டன. மாதச் சம்பளக்காரர் தலை நரைக்கும் வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே வீடு கட்டலாம் என்ற நிலைமை இப்படிப் படிப்படியாக வந்தது.

நிலைமை நல்லதுதான். ஆனால் முன்னே பணம் சேர்ந்த பிறகு வீடு. இப்போது வீடு வந்த பிறகு பணம். ஆகையால் முன்னே தவறினால் வீடு தாமதப்படும். இப்போது தவறினால் வீடே போய்விடும். கணக்கு இரு மடங்கு அவசியமாகிவிட்டது.

எத்தனை ரூபாய்க்கு வீடு?

ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 60,000 ரூபாய். மனை ஏற்கெனவே இருக்கிறது. 900 சதுர அடியில் வீடு கட்ட உத்தேசம். அவர் ஊரில் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று கண்ட்ராக்டர் கேட்கிறார். பெருக்கிப் பார்த்தால் 22½ லட்சம். "இருபத்திரண்டரை லட்சத்தில் வீடு" என்று குடும்பம் முழுவதும் சந்தோஷப்படும்.

இங்கேதான் நிறுத்தி நிதானிக்க வேண்டும். அந்தத் தொகையில் ஆழ்துளைக் கிணறு உண்டா? நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி உண்டா? கழிவு நீர்த் தொட்டி, சுற்றுச் சுவர், வாசல் கேட்டு, மின்சார இணைப்பு, அனுமதிக் கட்டணம், இன்ஜினீயருக்குக் கொடுக்க வேண்டியது, இவையெல்லாம் உண்டா? பெரும்பாலும் இரா. இவற்றுக்கு 4 லட்சம் என்று வைப்போம். ஆக 26½ லட்சம். கட்டும் காலத்தில் ஸிமெண்டும் கம்பியும் விலை ஏறும். அஸ்திவாரம் தோண்டும்போது மண் எதிர்பார்த்தபடி இராது. எனவே நூற்றுக்குப் பத்து வீதம் 2 லட்சத்து 65 ஆயிரம் ஒதுக்க வேண்டும். வீடு முடியும் வரையில், வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும், அதற்கு 85,000. எல்லாம் கூட்டினால் 30 லட்சம் ஆகிறது.

இருபத்திரண்டரைக்கும் முப்பதுக்கும் உள்ள ஏழரை லட்சம் வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் ஊர்ப்புறத்தில் பூசாமல் நிற்கும் வீடுகளின் இரகசியம். மேல் தளம் போட்டவுடன் வீடு முடிந்த மாதிரி ஒரு தோற்றம் உண்டாகிறது. உண்மையில் அப்போது ஏறக்குறையப் பாதிச் செலவுதான் ஆகியிருக்கும். பூச்சு, தரை, கதவு, ஜன்னல், மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய், வர்ணம் ஆகிய யாவும் பாக்கி.

இனி வரவு. மாதத் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாதிருப்பது நலம். பாங்கிகள் சில சமயம் பாதி வரையிலும் போகச் சம்மதிக்கும். பாங்கிக்குத் தெரிவது சம்பளச் சீட்டு. தாயாரின் மருந்துச் செலவும் குழந்தைகளின் படிப்புச் செலவும் நமக்குத்தான் தெரியும். உபாத்தியாயருக்கு மூன்றில் ஒரு பங்கு 20,000 ரூபாய். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 8½ என்றும், காலம் 20 வருஷம் என்றும் கொண்டால், இந்தத் தவணைக்கு 23 லட்சம் கடன் வாங்கலாம். மீதி 7 லட்சம் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும்.

அந்த ஏழு லட்சம் இல்லாவிட்டால்? இரண்டு வழிகள் உண்டு. வீட்டை 700 சதுர அடியாகக் குறைக்கலாம். அல்லது இரண்டு வருஷம் பொறுத்துச் சேர்க்கலாம். மூன்றாவது வழியாக நகையை அடகு வைப்பதும், கைமாற்று வாங்குவதும் வழியல்ல. அவை அடுத்த வருஷத்துக் கஷ்டத்துக்கு இப்போதே அச்சாரம் கொடுப்பதாகும். இவை தவிர, ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகையைத் தனியே ஒதுக்கி, அதை வீட்டுச் செலவுக்குத் தொடுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ளுதல் அவசியம்.

கடனின் இயல்பு

வீட்டின் மதிப்பில் எவ்வளவு பங்கு கடன் கொடுக்கலாம் என்பதற்கு ரிஸர்வ் பாங்கி வரம்பு விதித்திருக்கிறது. 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு நூற்றுக்கு 90. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80. அதற்கும் மேற்பட்டால் 75. இது உச்ச வரம்பேயன்றி வாக்குறுதியன்று. கடன் மஞ்சூர் ஆன கடிதம் கைக்கு வந்துவிட்டால் பணமே வந்துவிட்டதாக எண்ணுவதும் பிசகு. கட்டும் வீட்டுக்குப் பணத்தை மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். முதலில் நம் பங்குப் பணத்தைப் போட வேண்டும். பிறகு அஸ்திவாரம், லிண்டல் மட்டம், மேல் தளம், பூச்சு வேலை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததையும் அவர்களுடைய இன்ஜினீயர் பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணை வரும். கொத்தனார்க்கும் சித்தாளுக்குமோ சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். பாங்கிப் பணம் வரும் நாளுக்கும் கூலி நாளுக்கும் உள்ள இடைவெளியைத் தாண்டக் கையில் ரொக்கம் வேண்டும். வேலை நிற்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

உபாத்தியாயரின் 23 லட்சத்தையே எடுத்துக்கொண்டு, காலத்தால் விளையும் வித்தியாசத்தைப் பார்ப்போம். 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 19,960 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 47 லட்சத்து 90 ஆயிரம். 15 வருஷமானால் தவணை சுமார் 22,650; மொத்தம் 40 லட்சத்து 77 ஆயிரம். 30 வருஷமானால் தவணை சுமார் 17,685 தான்; ஆனால் மொத்தம் 63 லட்சத்து 67 ஆயிரம்! மாதம் 2,690 ரூபாய் அதிகம் கட்டுவதால் ஏழு லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. மாதம் 2,275 ரூபாய் குறைத்துக் கட்டுவதால் பதினைந்தே முக்கால் லட்சம் கூடுதலாகப் போகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. இருபது வருஷக் கடனில் முதல் மாதம் கட்டும் 19,960 ரூபாயில் 16,292 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 3,668 தான். ஆகையினால் ஆரம்ப வருஷங்களில் கையில் கிடைக்கும் உபரிப் பணம் எதுவானாலும் அசலில் கட்டிவிடுவது பெருத்த லாபம். வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை அதிகமாகக் கட்டி வந்தால் இருபது வருஷக் கடன் மூன்று வருஷத்துக்கு மேல் சுருங்கிவிடும். மாறும் வட்டியில் தனி நபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்குப் பாங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாதென்று 2012-லேயே ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது.

வருமான வரியில் கிடைக்கும் சலுகையைப் பெரிதாக நம்பிக் கடனைக் கூட்டிக்கொள்ளுதலும் வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளும் சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே உண்டு. புதிய முறையில் இல்லை. கடன் வாங்கிய நிதி வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வீடு முடியாவிட்டால் அந்தச் சலுகை வெறும் 30,000 ரூபாயாகக் குறைந்துவிடும்.

வட்டி ஏறினால்?

மாறும் வட்டி என்றால் இறங்கவும் கூடும், ஏறவும் கூடும். 2019 அக்டோபர் முதல் பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றுடன் பிணைக்கப்பட்டன. பெரும்பாலும் அது ரிஸர்வ் பாங்கியின் ரெப்போ விகிதமாகவே இருக்கிறது. 2022 மே மாதத்துக்கு முன் 4 ஆக இருந்த அவ்விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6½ ஆக உயர்ந்தது. இதன் பலனைச் சற்று யோசியுங்கள். 7 வட்டிக்கு 20 வருஷக் கடன் வாங்கினவருக்கு லட்சத்துக்கு மாதத் தவணை 775 ரூபாய். வட்டி 9½ ஆனால் லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 791 ரூபாய்! பழைய தவணையையே கட்டி வந்தால், வட்டிக்கே போதாமல், ஆயுள் முழுவதும் கட்டினாலும் கடன் தீராது, வளரும்.

வட்டி ஏறும்போது தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிவிடும் வழக்கம் பாங்கிகளுக்கு உண்டு. கடனாளிக்குத் தவணை ஏறாததால் விஷயமே தெரியாது. அறுபதாவது வயதில் முடிய வேண்டிய கடன் அறுபத்தெட்டுக்குப் போயிருக்கும். இதனாலேயே 2023 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கி ஒரு விதி செய்தது: வட்டி மாறும்போது, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடனாளிக்கே தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்குவது நம் கடமை. கடன் வாங்கும் அன்றே, வட்டி இரண்டு ஏறினாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொள்வது விவேகம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்று சொன்னதன் காரணமும் இதுதான்.

மனையும் பத்திரமும்

மனை இன்னும் வாங்காதவர்கள், விலையுடன் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ஆம் வருஷத்து மாறுதலின்படி கிரயத்துக்கு இவை மொத்தம் நூற்றுக்கு 9 ஆயின. பொதுவாகப் பாங்கிகள் வீட்டின் மதிப்பைக் கணக்கிடும்போது இந்தச் செலவைச் சேர்ப்பதில்லை. ஆகவே இது முழுவதும் நம் கையிலிருந்தே போக வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவுகளைப் பதிவு செய்வதற்கு 2016-ல் சென்னை ஹைகோர்ட்டு தடை விதித்தது. அடுத்த வருஷம் ஸர்க்கார் வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தனர். மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கீகாரமற்ற மனையை வாங்கினவருக்குப் பாங்கிக் கடனும் கிடைக்காது, கட்டட அனுமதியும் கிடைக்காது.

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, புலப்படம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று ஆகிய எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதனால் வில்லங்கமே இல்லை என்று ஆகிவிடாது. அது பதிவான விவகாரங்களை மட்டுமே சொல்லும். பதிவாகாத உயிலையும், பிரிவினையில் விட்டுப்போன வாரிசையும் அது அறியாது. முக்கியமாக, பிதுரார்ஜிதச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் சட்டம் திருத்தப்பட்டது. விற்பவரின் சகோதரிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, வீடு கட்டிய பின் கோர்ட்டுக்கு நடப்பவர்கள் அநேகர்.

பிளான் போடும்போது

கட்டட அனுமதி விஷயத்தில் இப்போது ஒரு சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், தரைத் தளமும் முதல் மாடியுமாக 3,500 சதுர அடிக்கு மேற்படாமல் கட்டும் குடியிருப்பு வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி பெறலாம். ஆனால் சான்று நம்முடையது என்பதால் பொறுப்பும் நம்முடையதே. விதியை மீறிச் சுவரை எல்லைக்கு நகர்த்தினால் "அதிகாரி பார்க்கவில்லை" என்று சமாதானம் சொல்ல முடியாது.

பிளானில் சிக்கனம் செய்ய வேண்டிய இடம் வடிவம். முப்பதடிக்கு முப்பதடி சதுரமாகக் கட்டினால் 900 சதுர அடிக்கு வெளிச் சுவர் 120 அடி நீளம். அதே 900 சதுர அடியை மூலை ஒன்றை வெட்டிவிட்ட வடிவில், முப்பத்தாறடிச் சதுரத்துக்குள் அமைத்தால் வெளிச் சுவர் 144 அடியாகிறது. குடியிருக்கும் இடம் ஓர் அங்குலம் கூட அதிகமில்லை. பத்தடி உயரத்துக்கு 240 சதுர அடிச் சுவர் மட்டும் அதிகம். அதற்குச் செங்கல், உள்ளும் புறமும் பூச்சு, வர்ணம், அடியில் அஸ்திவாரம்! தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக முகப்பில் வைக்கும் வளைவும் நெளிவும் எல்லாம் இந்தக் கணக்கைச் சேர்ந்தவை.

சூரியனும் காற்றும் கட்டணம் கேட்பதில்லை. நம் நாட்டில் மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் காய்கிறது. அந்தப் பக்கம் ஸ்நான அறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை வைத்துவிட்டால் படுக்கை அறை தப்பிக்கும். ஒரே அறையில் எதிரெதிராக ஜன்னல் இருந்தால்தான் காற்று வந்து போகும். சமையலறையை யார் நாள்தோறும் உபயோகிக்கிறார்களோ அவர்களைக் கேட்டு அமைக்க வேண்டும். மேடையின் உயரத்தைக் கூட அவர்கள் உயரத்துக்குத் தக்கபடி வைக்க வேண்டும். வயதான தாயாருக்குக் கீழ்த் தளத்தில் அறையும், பக்கத்திலேயே குளியலறையும் அவசியம். 2003-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். இதை அதிகாரிகளுக்காகச் செய்யும் சடங்காக எண்ண வேண்டாம். சென்னை போன்ற ஊரில் 900 சதுர அடிக் கூரையின் மேல் வருஷத்தில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

பிளான் தயாரானதும் ஒரு காரியம் செய்யுங்கள். மனையில் சுண்ணாம்புத் தூளால் அறைகளை அதே அளவில் கோடிட்டு, கட்டிலும் பெட்டியும் எங்கே வரும் என்று நின்று பாருங்கள். காகிதத்தில் பெரிதாகத் தெரிந்த அறை தரையில் சிறுத்துவிடும். மாற்றங்களை அப்போதே செய்துவிட வேண்டும். காகிதத்தில் அழிக்க ஒரு ரப்பர் போதும். எழுப்பிய சுவரை அழிக்க இடித்த கூலி, கட்டிய கூலி, குப்பை வாரிய கூலி மூன்றும் ஆகும்.

செலவைக் குறைத்து நல்ல வீடு கட்டலாம் என்பதற்கு லாரி பேக்கர் கேரளத்தில் வழி காட்டினார். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்த அவர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பம்பாயில் காந்தி மகாத்மாவைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டப்பட வேண்டுமென்ற மகாத்மாவின் கருத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அவர் கட்டிய சுவரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். மேல் தளத்தில் கான்கிரீட்டு அதிகம் உழைக்காத அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்து ஸிமெண்டைக் குறைத்தார். 2007-ல் காலமான அவர் கட்டிய வீடுகள் இன்றும் குளிர்ச்சியாக இருக்கின்றன. இம்முறை தெரிந்த கொத்தனாரும் இன்ஜினீயரும் கிடைத்தால் அதைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம். தெரியாதவர்களைக் கொண்டு பரீட்சை செய்ய வேண்டாம்.

உடன்படிக்கையும் மேற்பார்வையும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் பேசி முடிப்பது வம்புக்கு வித்து. எந்தச் சதுர அடி? பால்கனியும், போர்ட்டிகோவும், மாடிப்படி மேல் கூண்டும் அதில் சேருமா? சேர்ந்தால் முழுதாகவா, பாதியாகவா? எந்த ஸிமெண்டு, எந்தக் கம்பி, தரைக்குச் சதுர அடி எவ்வளவு ரூபாய் விலையுள்ள கல், எத்தனை மின்சாரப் புள்ளிகள், கதவுக்கு என்ன மரம்? இவ்வளவும் எழுத்தில் வேண்டும். பணம் முடிந்த வேலைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும், வரப்போகிற வேலைக்கன்று. கடைசியில் நூற்றுக்கு ஐந்தாவது பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் கழிந்து ஒழுக்கு இல்லையென்று கண்ட பிறகு கொடுப்பது நன்று. கண்ட்ராக்டருக்கு வேண்டாத இன்ஜினீயர் ஒருவரைக் கொண்டு கட்டத்துக்குக் கட்டம் பார்வையிடச் செய்வதற்கு ஆகும் செலவு, வீட்டுச் செலவில் மிகச் சிறிய பங்கு. மண் பரிசோதனையும் அப்படியே; கரிசல் மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டுச் சுவர் வெடித்த பிறகு பூசி மறைப்பதில் பயனில்லை.

மேற்பார்வையில் வீட்டுக்காரர் தாமே கவனிக்கக்கூடிய முக்கிய விஷயம் தண்ணீர். கலவையில் குறைவாகவும், இறுகிய பின் தாராளமாகவும் தண்ணீர் வேண்டும். வேலையாட்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கலவையைத் தள்ளச் சுலபமாக இருக்குமென்று தண்ணீரைக் கொட்டுவார்கள். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற சாதாரணக் கான்கிரீட்டில் 50 கிலோ ஸிமெண்டு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாதென்று இந்திய தர நிர்ணயம் கூறுகிறது. அதிகத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளையாகும். அதன் வழியே ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாளும், இப்போது பரவலாக விற்கும் கலப்பு ஸிமெண்டானால் பத்து நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டும். பதினைந்தடிக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்கு முன்னும், அதற்கு மேற்பட்ட தளத்தின் முட்டுகளைப் பதினாலு நாளுக்கு முன்னும் எடுக்கக் கூடாது. மூட்டைக்கு எத்தனை வாளி என்று எண்ணவும், தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தவும் இன்ஜினீயரிங் பட்டம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பாட்டி போதும்.

குடிபுகுந்த பிறகு

கிரகப் பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டி விருந்து வைக்கும் செலவையும் முன்னே போட்ட 30 லட்சத்துக்குள் சேர்க்கவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். குடும்பத்தாரும் கொத்தனாரும் சித்தாட்களும் வயிறார உண்டால் வீடு மங்களமாகவே இருக்கும்.

வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைப்பதும், கடன் தொகைக்குச் சமமாக ஆயுள் காப்பு எடுப்பதும் முதல் நாளே செய்ய வேண்டியவை. சம்பாதிப்பவருக்கு ஏதாவது நேர்ந்தால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன மறு மாதமே தவணை வந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்ல அந்தக் காப்பு ஒன்றே உதவும்.

கடன் தீர்ந்த நாளில் மறக்கக் கூடாத காரியம் ஒன்றுண்டு. முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், பாங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் 2023 டிசம்பர் முதல் ரிஸர்வ் பாங்கியின் விதி இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. கடன் வாங்கும்போது பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு கணக்கையும் படித்துவிட்டு, "அப்படியானால் இந்த வருஷம் நம்மால் முடியாது" என்று ஒரு குடும்பம் தீர்மானிக்குமானால், அதுவும் நல்ல தீர்மானமே. கட்டாத வீட்டுக்கு வட்டியில்லை. பொறுத்திருக்கும் இரண்டு வருஷத்தில் மாதந்தோறும், வரப்போகும் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாங்கியில் போட்டு வாருங்கள். உபாத்தியாயர் 8,000 ரூபாய் வாடகை கொடுக்கிறவரானால், இரண்டு வருஷத்தில் வட்டியைத் தவிர்த்தே 2 லட்சத்து 87 ஆயிரம் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, தவணை கட்டி வாழ முடியுமா என்பது கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். எந்த மாதத்திலாவது அந்தத் தொகையைப் போட முடியாமற்போனால், ஏன் முடியவில்லை என்று கணவனும் மனைவியும் கலந்து பேசி, அதற்குத் தக்கபடி வீட்டின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு மாதமும் தவறாமல் போட்டு வந்தவர்கள், பயமில்லாமல் அஸ்திவாரத்துக்கு நாள் பார்க்கலாம்.